லோ-ஃபை ஆல்பம் என்றால் என்ன? ஒரு குரல், ஓர் அறை, ஒரு டேப்

யூடியூபில் 'லோ-ஃபை' என்று தேடிப் பாருங்கள். மழைச் சத்தத்தோடு மெதுவாக ஓடும் தாளம் வரும். வேகத்தைக் குறைத்து எதிரொலி ஏற்றிய பழைய பாட்டு வரும். படிக்கும்போது பின்னால் ஓடவிடும் இசை மணிக்கணக்கில் வரும். அதே சொல்லை ஒரு பாடகர் தன் ஆல்பத்துக்குப் போட்டால், "இதுவும் தூக்கம் வரவைக்கிற இசைதான் போல" என்று ஒருவர் நினைக்கிறார். இன்னொருவர், "ஸ்டூடியோவுக்குக் காசில்லை, அதனால் சுமாராகப் பதிந்திருக்கிறார்" என்று முடிவு கட்டிவிடுகிறார். இரண்டுமே தவறு. இரண்டாவதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது, ஏனென்றால் அப்படி நினைத்தவர் அந்த ஆல்பத்தைக் கேட்கவே மாட்டார்.

தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, வீட்டிலேயே பதிவு செய்யும் ஒரு சுயாதீனக் கலைஞரின் லோ-ஃபை ஆல்பத்தில் உண்மையில் என்ன நடக்கிறது? அந்த இரைச்சலும் மங்கலும் எங்கிருந்து வருகின்றன? அவை பாட்டை எப்படி மாற்றுகின்றன? இதைப் புரிந்துகொள்ள இசைக் கோட்பாடோ ஒலிப் பொறியியலோ தெரிந்திருக்கத் தேவையில்லை.

## ஜெராக்ஸ் தாளிலிருந்து தொடங்கலாம்

கையால் எழுதிய ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கிறீர்கள். அந்த நகலை வைத்து இன்னொரு நகல், அதை வைத்து இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? வெள்ளையாக இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். பென்சிலால் போட்ட மெல்லிய கோடுகள் காணாமல் போகும். அழுத்தி எழுதிய இடங்கள் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும். தாள் கொஞ்சம் நழுவியிருந்தால் வரிகள் வளைந்து நிற்கும். இத்தனைக்கும் பிறகும் எழுதியிருப்பதைப் படிக்க முடியும்.

மூலத்தில் இருந்தது நகலில் எவ்வளவு மாறாமல் வந்திருக்கிறது என்பதைத்தான் ஒலிப்பதிவில் ஃபிடெலிட்டி என்கிறார்கள். மாற்றம் மிகக் குறைவாக இருந்தால் ஹை-ஃபை. பதிவுக் கருவியின் தடயங்கள் காதில் விழும் அளவுக்கு இருந்தால் லோ-ஃபை. ஜெராக்ஸில் பார்த்த நான்கு மாற்றங்களுக்கும் ஒலிப்பதிவில் அப்படியே இணைகள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒன்று. லோ-ஃபை என்பது பதிவைப் பற்றிய சொல். பாட்டு வேகமா மெதுவா, சோகமா கொண்டாட்டமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த கைடட் பை வாய்சஸ் குழு 1994-ல் வெளியிட்ட 'பீ தவுசண்ட்' லோ-ஃபை ஆல்பங்களில் மிகவும் பேசப்படும் ஒன்று. அது முழுக்க முழுக்க ராக் இசை. அதைப் போட்டுவிட்டு யாரும் தூங்க முடியாது.

## டேப்பில் ஒலி எப்படி உட்காருகிறது

கேசட்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே இருக்கும் பழுப்பு நாடா தெரியும். அது மெல்லிய பிளாஸ்டிக். அதன் ஒரு பக்கத்தில் காந்தமாகக்கூடிய மிக நுண்ணிய துகள்களைப் பூசியிருப்பார்கள். பாடும்போது மைக் ஒலியை மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரம் 'ஹெட்' எனப்படும் சிறிய மின்காந்தத்துக்குள் பாய்கிறது. நாடா அந்த ஹெட்டை உரசிக்கொண்டே நகரும்போது, குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் துகள்கள் காந்தமாகின்றன. திரும்பப் போட்டுக் கேட்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கிறது. அவ்வளவுதான் டேப் பதிவு.

இப்போது புள்ளிகளுக்கு வருவோம். எதுவுமே பதியாத நாடாவிலும் துகள்கள் இருக்கின்றன. அவை ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கின்றன. அந்த ஒழுங்கின்மைதான் 'ஸ்ஸ்ஸ்' என்று காதில் விழுகிறது. இதன் பெயர் ஹிஸ். ஒரு நொடிக்கு எவ்வளவு பரப்புள்ள நாடா ஹெட்டைக் கடக்கிறதோ, அந்த அளவுக்கு இந்த ஒழுங்கின்மை சராசரியாகிச் சமன்படும், ஹிஸ் குறையும். ஸ்டூடியோ டேப் நொடிக்கு 38 அல்லது 76 செ.மீ. வேகத்தில் ஓடும். ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட் நொடிக்கு வெறும் 4.76 செ.மீ. தான் ஓடும், நாடாவின் அகலமும் 4 மி.மீட்டருக்குக் குறைவு. அதனால்தான் கேசட்டில் ஹிஸ் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. ஒலி அளவுகளை ஒப்பிடும் அலகு டெசிபல். மிக உரத்த ஒலிக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, இரைச்சல் குறைப்பு வசதி இல்லாத சாதாரண கேசட்டில் சுமார் 50 டெசிபல். சிடியில் 96.

காணாமல் போகும் மெல்லிய கோடுகள் எவை? ஒரு நொடியில் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். நல்ல காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்வோம். சிம்பல் தட்டின் மினுமினுப்பு இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும் நாடாவில் அந்த ஒலியின் ஓர் அலைக்குக் கிடைக்கும் இடம் 0.005 மி.மீட்டருக்கும் குறைவு. 38 செ.மீ. ஓடும் ஸ்டூடியோ நாடாவில் அதே அலைக்குச் சுமார் 0.04 மி.மீ. கிடைக்கும். ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, அதில் அழுக்குப் படிந்திருந்தாலோ, முதலில் அழிந்துபோவது இந்த நுண்ணிய அலைகள்தான். 'ச', 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை மழுங்கும். கிட்டார் கம்பியின் பளபளப்பு போய் அதன் மரத்தன்மை முன்னால் வரும்.

அப்பிக்கொள்ளும் திட்டுகளுக்கு இணை, சாச்சுரேஷன். துகள்களை ஓர் எல்லை வரைதான் காந்தமாக்க முடியும். பாடகர் திடீரென்று குரலை உயர்த்தினால் நாடா அதை முழுதாக வாங்கிக்கொள்ளாது. அலையின் உச்சியை வளைத்து மழுக்கிவிடும். இங்கே இரண்டு விளைவுகள் ஒன்றாக வருகின்றன. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசம் குறைகிறது. கூடவே, மூல ஒலியில் இல்லாத சில மேல் சுருதிகள் லேசாகச் சேர்ந்துகொள்கின்றன. டேப்பில் பதிந்த குரலைக் 'கதகதப்பாக இருக்கிறது' என்று பலர் சொல்வதற்கு இதுவும், காணாமல் போன மேல் அதிர்வெண்களும்தான் முக்கியக் காரணம். டிஜிட்டல் பதிவில் எல்லையைத் தாண்டினால் இப்படி நடக்காது. அங்கே அலையின் தலை தட்டையாக வெட்டப்படும். காதில் கரகரவென்று குத்தும். இரண்டையும் சேர்த்து 'டிஸ்டார்ஷன்' என்று பொதுவாகச் சொன்னாலும், கேட்பவருக்கு இவை வேறு வேறு அனுபவங்கள்.

வளைந்த வரிகள் கடைசி. நாடாவை இழுப்பது ஒரு மோட்டாரும் ரப்பர் உருளையும். அவற்றின் வேகம் துளி மாறினாலும் சுருதி மாறும். மெதுவான ஏற்ற இறக்கம் வாவ். படபடவென்று வேகமாக வருவது ஃப்ளட்டர். குரலில் இது அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் மனிதக் குரல் இயல்பாகவே கொஞ்சம் ஆடும். பியானோவில் ஒரே ஒரு கட்டையை அழுத்தி நீளவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஆக, இதுவரை பார்த்தது இது: துகள்களால் ஹிஸ், வேகக் குறைவால் மங்கல், காந்த எல்லையால் சாச்சுரேஷன், மோட்டாரால் சுருதி ஆட்டம். 'லோ-ஃபை ஒலி' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது, தனித்தனிக் காரணங்கள் கொண்ட இந்த நான்கும் சேர்ந்த கலவை.

## நான்கு ட்ராக்கில் ஓர் ஆல்பம்

ஸ்டூடியோக்களில் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்ப்பார்கள். அப்படித் தனியாகப் பதியும் ஒவ்வோர் ஓடுபாதைக்கும் ட்ராக் என்று பெயர். 1970-களின் பெரிய ஸ்டூடியோக்களில் 24 ட்ராக் கருவிகள் இருந்தன. ஒரு தனி மனிதர் அவற்றை வாங்குவதைப் பற்றி யோசிக்கக்கூட முடியாது.

1979-ல் ஜப்பானின் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு பாதைகள் இருக்கும் அல்லவா? இந்தப் பெட்டி அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொண்டது. ஒலி கொஞ்சம் தேறட்டும் என்று நாடாவின் வேகத்தையும் இரட்டிப்பாக்கினார்கள். கூடவே ஒலிகளைக் கலக்கும் ஒரு சிறிய மிக்சரும் உள்ளேயே இருந்தது. மேசை மேல் வைக்கக்கூடிய ஒரு கருவியில், ஒரே ஆள் கிட்டாரைப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே பாடி, அதற்கு மேல் இன்னொரு குரலைச் சேர்க்கலாம் என்ற நிலை வந்தது. என்னைக் கேட்டால், தனியாகப் பாடும் கலைஞரின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் மிகச் சிலதான்.

நான்கு போதாதே, ஐந்தாவது வாத்தியம் வேண்டுமென்றால்? அதற்கு ஒரு வழி உண்டு. அதைப் புரிந்துகொண்டால் லோ-ஃபை ஆல்பங்கள் ஏன் அப்படி ஒலிக்கின்றன என்பது பாதி புரிந்துவிடும். முதல் ட்ராக்கில் கிட்டார், இரண்டாவதில் பேஸ், மூன்றாவதில் தாளம் என்று பதிகிறீர்கள். மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டு, அந்தக் கலவையை நான்காவது ட்ராக்கில் பதிகிறீர்கள். இப்போது முதல் மூன்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பயன்படுத்தலாம். இந்த உத்தியின் பெயர் பவுன்ஸ். பீட்டில்ஸ் 1967-ல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தைப் பதிந்ததும் நான்கு ட்ராக் கருவிகளில், இதே உத்தியின் துணையோடுதான். அவர்களிடம் இருந்தவை உயர்தர ஸ்டூடியோ கருவிகள் என்பதால் இழப்பு குறைவு.

கேசட்டில் பவுன்ஸ் செய்தால் நகலின் நகல் கதைதான். ஒவ்வொரு முறையும் ஹிஸ் மேல் ஹிஸ் ஏறும், மேல் அதிர்வெண்கள் இன்னும் கொஞ்சம் போகும். முதலில் பதிந்த வாத்தியங்கள் பின்னால் தள்ளி நிற்பதுபோல் மங்கலாகவும், கடைசியில் பதிந்த குரல் கிட்டத்தில் தெளிவாகவும் கேட்கும். பல வீட்டு ஆல்பங்களில் குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு விளைவு ஒலியைத் தாண்டியது. பவுன்ஸ் செய்த பிறகு திரும்பிப் போக முடியாது. கிட்டாருக்கும் தாளத்துக்கும் இடையிலான அளவு அப்போதே முடிவாகிவிட்டது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எதையும் ஒத்திப்போட வழியில்லை. பாட்டுக்கு என்ன தேவை, எது இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று கலைஞர் பதியும்போதே தீர்மானிக்க வேண்டும். லோ-ஃபை ஆல்பங்களில் வாத்தியங்கள் குறைவாக இருப்பதும், இருப்பவை ஒவ்வொன்றும் ஏதாவது வேலை செய்வதும் இதனால்தான்.

இதற்கு மிகவும் அறியப்பட்ட உதாரணம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982). அவர் சுயாதீனக் கலைஞர் இல்லை. கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்தின் பாடகர். ஆனாலும் நடந்ததைக் கவனியுங்கள். நியூ ஜெர்சியில் தான் வாடகைக்கு இருந்த வீட்டில், போர்ட்டாஸ்டூடியோ 144 கருவியிலும் இரண்டு சாதாரண ஷூர் எஸ்எம்57 மைக்குகளிலும், குழுவினருக்குப் பாடிக்காட்டுவதற்காக மாதிரிப் பதிவுகள் செய்தார். உறை கூட இல்லாமல் அந்தக் கேசட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு நல்ல ஸ்டூடியோவில் முழுக் குழுவோடு அந்தப் பாடல்களைப் பதிய முயன்றார்கள். நன்றாகத்தான் வாசித்தார்கள், ஆனால் அந்தப் பாடல்கள் அங்கே உயிர்பெறவில்லை என்று அவருக்குத் தோன்றியது. கடைசியில் அந்தக் கேசட்டே ஆல்பமாக வெளிவந்தது. காசும் ஸ்டூடியோவும் கைவசம் இருந்த ஒருவர் தேர்ந்தெடுத்தது வீட்டுப் பதிவை. 'வசதியில்லாததால் லோ-ஃபை' என்ற கருத்து இங்கேயே உடைந்துவிடுகிறது.

## அறையும் மைக்கும் சத்தமில்லாமல் செய்யும் வேலை

டேப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு பெரிய பகுதி விட்டுப்போகும். டேப் இல்லாமல் கணினியில் பதிந்த ஆல்பங்களும் லோ-ஃபையாக ஒலிக்கின்றன. அங்கே அறைதான் காரணம்.

ஸ்டூடியோவில் சுவர்களிலிருந்து ஒலி திரும்பி வராமல் பார்த்துக்கொள்வார்கள். வீட்டு அறையில் சுவர் பக்கத்திலேயே இருக்கிறது. குரல் மைக்குக்கு நேராகப் போகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் சுவரில் பட்டுத் திரும்பி இன்னொரு முறையும் போகிறது. இதை நம் காது எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. 'இது சின்ன அறை' என்ற உணர்வாக எடுத்துக்கொள்ளும். பெரிய மண்டபத்துக்கும் படுக்கையறைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே நம்மால் சொல்ல முடிகிறது அல்லவா, அதே திறன்தான். வீட்டில் பதிந்த பாட்டைக் கேட்கும்போது நாமும் அந்த அறைக்குள் இருப்பதாகத் தோன்றுவது வெறும் கற்பனை இல்லை. அறையின் அளவு உண்மையிலேயே பதிவாகியிருக்கிறது.

அப்புறம் மைக். ஒரு பக்கத்து ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் மைக்குகளை வாய்க்கு மிக அருகில் வைத்தால், குரலின் கீழ்ப்பகுதி தடித்துக் கேட்கும். இதற்குப் பெயர் அண்மை விளைவு. வீட்டில் பாடுபவர் பெரும்பாலும் இப்படித்தான் மைக்கை நெருங்கிப் பாடுகிறார், ஏனென்றால் தள்ளி நின்றால் அறையின் சத்தமெல்லாம் உள்ளே வந்துவிடும்.

பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குரலை அடக்கித்தான் பாட வேண்டும். மெல்லப் பாடினால் மைக்கின் வாங்கும் திறனை ஏற்ற வேண்டும். ஏற்றினால் குரலோடு மூச்சு இழுக்கும் சத்தம், உதடு பிரியும் சத்தம், கிட்டார் கம்பியில் விரல் வழுக்கும் கீச்சு, நாற்காலி முனகல் எல்லாம் கூடவே ஏறும். நேரில் ஒருவர் இவ்வளவு பக்கத்தில் வாய்வைத்துப் பேசினால்தான் இந்தச் சத்தங்கள் நமக்குக் கேட்கும். அதனால் அவை கேட்டவுடன் மனம் அவரை நெருக்கமானவராக எடுத்துக்கொள்கிறது. லோ-ஃபை ஆல்பங்களைப் பற்றி 'அந்தரங்கமாக இருக்கிறது' என்று எழுதுகிறார்களே, அந்த அந்தரங்கத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கிலியால் விளைவது.

1994-ல் வெளிவந்த எலியட் ஸ்மித்தின் 'ரோமன் கேண்டில்' இதை நன்றாகக் காட்டும். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு ட்ராக் கருவியில் பதிந்தது. ஏறக்குறைய முணுமுணுப்பு அளவுக்குக் குரல். அவர் ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார். இதற்கு டபுள் ட்ராக்கிங் என்று பெயர். இரண்டு முறையும் துல்லியமாக ஒரே மாதிரி பாட யாராலும் முடியாது. அந்தச் சிறு விலகல்களால் மெல்லிய குரலுக்கு அகலம் கிடைக்கிறது. உரக்கப் பாடாமலேயே குரல் நிறைந்து நிற்கிறது.

சுருக்கமாக: கருவி ஒரு பாதியைத் தருகிறது, அறையும் மைக்கும் பாடும் விதமும் மறுபாதியைத் தருகின்றன. இந்த மறுபாதிக்கு டேப் தேவையே இல்லை.

## ஒரே ஒரு பெட்டியும் போதும்

நான்கு ட்ராக்கும் இல்லாமல், உள்ளேயே மைக் வைத்த சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்த ஆல்பங்களும் உண்டு. அமெரிக்காவின் டேனியல் ஜான்ஸ்டன் 1980-களின் தொடக்கத்தில் வீட்டில் இப்படிப் பதிந்து, உறைக்குத் தானே படம் வரைந்து, ஆஸ்டின் நகரில் கேசட்டுகளைக் கைக்குக் கை கொடுத்துவந்தார். அவருடைய 'ஹாய், ஹவ் ஆர் யூ' 1983-ல் வந்தது. அதில் பாட்டுக் கட்டமைப்பின் பலத்தை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; இரைச்சலுக்கு நடுவே மெட்டு அப்படியே நிற்கிறது.

ஜான் டார்னியல் எழுதிப் பாடும் 'தி மவுண்டன் கோட்ஸ்' என்ற குழு 2002-ல் வெளியிட்ட 'ஆல் ஹெயில் வெஸ்ட் டெக்சஸ்' இன்னும் வெளிப்படையான உதாரணம். பேனசோனிக் டேப் ரெக்கார்டர் ஒன்றில் பதிந்தது. அந்தப் பெட்டியின் மைக், மோட்டாருக்குப் பக்கத்திலேயே இருந்ததால் சக்கரம் சுழலும் அரைப்புச் சத்தமும் பாட்டோடு பதிந்தது. ஹெட்போனில் கேளுங்கள். பாட்டு தொடங்கும் முன்பே அந்த உறுமல் வந்துவிடும். கிட்டாரும் குரலும் அதற்கு மேல் ஏறி வரும். இதில் மறைக்க எதுவும் இல்லை. கருவியும் ஒரு வாத்தியம்போல் கூடவே நிற்கிறது.

இப்படிப்பட்ட பதிவுகளுக்கென்றே 1986-ல் நியூ ஜெர்சியின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலியில் வில்லியம் பெர்கர் 'லோ-ஃபை' என்ற பெயரில் வாராந்தர நிகழ்ச்சி நடத்தினார். வீட்டுப் பதிவு இசைக்கு அந்தப் பெயர் பரவ அதற்கு ஒரு பங்கு உண்டு.

## அப்படியானால் மோசமான பதிவும் லோ-ஃபைதானா?

பலர் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. என் பதில், இல்லை. இதற்கு ஒரு நடைமுறைச் சோதனை வைத்திருக்கிறேன். பாடலின் சொற்கள் புரிகின்றனவா? மெட்டைப் பிடித்து முணுமுணுக்க முடிகிறதா? பாடகர் முன்னால் வைக்க நினைத்தது முன்னால் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால், இரைச்சல் எவ்வளவு இருந்தாலும் அது வேலை செய்யும் பதிவு. மைக்கில் காற்று அடித்துச் சொற்கள் சிதறுவதும், டிஜிட்டல் எல்லையைத் தாண்டிக் குரல் கரகரப்பதும், பாட்டே கேட்காத அளவுக்குப் பின்சத்தம் மூடுவதும் பதிவுக் கோளாறுகள். அவற்றை லோ-ஃபை என்று அழைத்துச் சமாதானம் தேடினால், கவனமாக உழைக்கும் கலைஞர்களுக்கு அநீதி செய்கிறோம்.

ஆல்பம் என்று வரும்போது இன்னொரு விஷயமும் சேர்கிறது. தொடர்ந்து ஒரே மாதிரி வரும் சத்தத்தை மூளை சீக்கிரமே ஒதுக்கிவிடும். மின்விசிறிச் சத்தத்தை நாம் மறந்துவிடுவதுபோல. ஒரே அறையில், ஒரே கருவியில் பதிந்த ஆல்பத்தில் முதல் பாட்டில் உறுத்தும் ஹிஸ் மூன்றாவது பாட்டுக்குள் காதிலிருந்து விலகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு பாட்டில் மட்டும் ஹிஸ் மாறினால், அல்லது சட்டென்று நின்றால், உடம்பே நிமிர்ந்து உட்காரும். நல்ல கலைஞர்கள் இதை அறிந்து வரிசைப்படுத்துகிறார்கள். அதனால் இப்படிப்பட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டை மட்டும் எடுத்து, பளபளப்பான வேறு பாட்டுகளுக்கு நடுவில் போட்டுக் கேட்டால் அது சோர்ந்து தெரியும். அது பாட்டின் குறை இல்லை. காதுக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. முதல் முறையாவது ஆல்பத்தை வரிசையாக, முழுதாகக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

எல்லாம் பதிந்து முடித்த பிறகு, பாட்டுக்குப் பாட்டு ஒலியளவையும் நிறத்தையும் சமன்செய்யும் கடைசி வேலைக்கு மாஸ்டரிங் என்று பெயர். லோ-ஃபை ஆல்பங்களுக்கும் அது உண்டு. 'நெப்ராஸ்கா' கேசட்டை இசைத்தட்டுக்கு மாற்றும் இந்தக் கட்டத்தில்தான் பொறியாளர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள்.

## படிக்கும்போது கேட்கும் 'லோ-ஃபை' வேறு குடும்பம்

யூடியூபில் நாம் முதலில் பார்த்த லோ-ஃபை பீட்ஸ், ஹிப்-ஹாப் வழியாக வந்தது. 1987-ல் வந்த ஈ-மு எஸ்பி-1200 என்ற கருவி பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறு துண்டுகளை வெட்டியெடுத்துத் தாளமாக்க உதவியது. ஒலியை அது நொடிக்குச் சுமார் 26,000 முறை மட்டுமே அளந்து பதிந்தது. சிடி நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. அதனால் ஒரு சொரசொரப்பு வந்தது. தயாரிப்பாளர்களுக்கு அது பிடித்துப்போனது. அமெரிக்காவின் ஜே டில்லா, ஜப்பானின் நுஜாபெஸ் போன்ற தயாரிப்பாளர்களின் நடையிலிருந்து இன்றைய படிப்பறை இசை கிளைத்தது. அது நல்ல இசை, அதற்குத் தனி வரலாறு உண்டு. எழுதிப் பாடும் கலைஞரின் ஆல்பத்தோடு அதற்குப் பொதுவானது, கருவியின் தடயத்தைக் காதில் விழ விடுவது மட்டும்தான். வேகத்தைக் குறைத்து எதிரொலி ஏற்றிய பாட்டுகளோ இந்த இரண்டிலும் சேராது. அவை ஏற்கெனவே முடிந்த பதிவின் மேல் பிறகு போட்ட வண்ணம்.

## ஹிஸ்ஸை மென்பொருளில் சேர்த்தால்?

இன்று மடிக்கணினியிலேயே எத்தனை ட்ராக் வேண்டுமானாலும் கிடைக்கும். ஹிஸ், சாச்சுரேஷன், வாவ் எல்லாவற்றையும் ப்ளகின் எனப்படும் துணை மென்பொருள் தந்துவிடும். அதைப் பயன்படுத்துவது ஏமாற்று என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டேப் கருவி இன்று பலருக்கு எட்டாத பொருள். கிடைத்தாலும் பழுது பார்க்க ஆள் கிடைப்பதில்லை.

ஆனால் ப்ளகின் தருவது ஒலியின் நிறத்தை மட்டும். நான்கு ட்ராக்குக்குள் அடக்க வேண்டும் என்ற நெருக்கடியையும், திரும்பிப் போக முடியாத தீர்மானங்களையும், மெல்லப் பாட வேண்டிய இரவையும் அது தராது. அதைக் கலைஞர்தான் தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்: கணினியில் இடமிருந்தும் நான்கு ட்ராக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஒரே மைக்கை வைத்து முழு ஆல்பத்தையும் முடிக்கிறார்கள், பாடிய வரியை வெட்டி ஒட்டாமல் முழுதாக மறுபடி பாடுகிறார்கள்.

கேட்பவராக இதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பாட்டைக் கேட்டுக்கொண்டே, அந்த ஹிஸ்ஸையும் மங்கலையும் மனதுக்குள் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது இருபது வாத்தியம் அடுக்கிய, ஒவ்வொரு மூச்சையும் துடைத்தெடுத்த பாட்டாக இருந்தால், லோ-ஃபை அதன் மேல் பூசிய மெல்லிய அடுக்குதான். கழித்த பிறகும் ஒரு குரல், ஒரு கிட்டார், நாற்காலி முனகல், ஒரே மூச்சில் பாடியதில் கொஞ்சம் தடுமாறிய ஒரு வரி என்று மிஞ்சினால், அந்தக் கலைஞர் அந்த அறையில்தான் அந்தப் பாட்டைக் கட்டியிருக்கிறார்.